சண்முகம் சார் நடப்பதற்கு ஒரு தாளம்

ஸ்ரீரங்கத்தில் நான் வேலை பார்த்த ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து பிள்ளைகள் போன மாதம் போன் செய்தார்கள். "மேடம், டிரம்ஸ் சத்தமெல்லாம் நீங்க எப்படி உருவாக்குவீங்கன்னு ஒரு கட்டுரை எழுதித் தாங்க. எங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் இப்போது கம்ப்யூட்டரில் "கோயில் திருவிழா மாதிரி, கொஞ்சம் துள்ளலா" என்று ஒரு வரி எழுதிவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். திரும்பி வரும்போது டிரம்ஸ் தயாராக இருக்கிறது. நன்றாகவும் இருக்கிறது. ஒருமுறை அங்கே போயிருந்தபோது, அப்படி வந்த ஒன்றைக் கேட்டுவிட்டு, "அந்த மூணாவது அடி ஏன் இவ்ளோ லேசா விழுது?" என்று கேட்டேன். "தெரியல மேடம், அதுவா வந்துச்சு" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னை யாராவது அப்படிக் கேட்டிருந்தால் பாதி சமயம் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

வாழ்நாள் முழுக்க டிரம்ஸ் வாசித்துப் பிழைத்தவள் நான். ஆனால் ஒரு டிரம்மைக்கூட ஒழுங்காகத் தட்டத் தெரியாது. மேலப்புதூரில் சர்ச் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்த காலத்தில், துபாயிலிருந்து வந்த ஒருவர் ஒரு தாளப்பெட்டியைக் குழுவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பொத்தானை அமுக்கினால் டிரம்ஸ் சத்தம் வரும். ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் கிட்டார் மேல்தான் கண். பெட்டி என் மடிக்கு வந்து சேர்ந்தது. அப்புறம் மெல்லிசைக் குழு, முசிறி, துறையூர் என்று கல்யாணக் கச்சேரிகள், வேன் பயணங்கள். பிறகு பெட்டி போய், அதே வேலையைச் செய்யும் மென்பொருள் வந்தது. ராகவன் சார் தன் ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கூப்பிட்டார். ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தேன்.

வேலை இதுதான். கம்ப்யூட்டர் திரையில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். எந்தக் கட்டத்தை நிரப்புகிறோமோ அந்த இடத்தில் அடி விழும். அதைச் சின்னக் குழந்தையும் செய்துவிடும். விழுகிற அடி எப்படி ஒலிக்க வேண்டும் என்பதில்தான் சங்கடமே. வெறும் ரீங்காரம் போல ஒரு சத்தத்தை எடுத்து, அதை மேல் சுருதியிலிருந்து கீழே சட்டென்று விழ வைத்தால் டிரம் ஆகிவிடும். அதையே கொஞ்சம் மெதுவாக விழ வைத்தால் யாரோ கிணற்றுக்குள் விசில் அடிக்கிற மாதிரி ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழைதான்.

ராகவன் சார் என் முதலாளி, என்னைவிட வயதில் சின்னவர். நெற்றியில் திருமண் கலையாமல் காலையில் வந்து உட்காருவார். அவர் எனக்குத் தெளிவாகச் சொன்னது ஒரே ஒரு விஷயம். "ஜெசிந்தா, 'டொம்'னு வாயால சொல்லிப் பாருங்கோ. 'ட்' குச்சி படற இடம். 'ஒ' வயிறு. 'ம்' அது அடங்கற விதம். மூணையும் தனித்தனியா பண்ணிண்டு அப்புறம் சேருங்கோ." கடைசி வரை நான் அப்படித்தான் செய்தேன்.

மற்றபடி அவர் சொன்னதில் பாதி எனக்குப் புரிந்ததில்லை. செய்து முடித்ததைப் போட்டுக் காட்டினால், முதலில் எழுந்து போய்த் திரையை அணைத்துவிடுவார். கட்டங்களைப் பார்த்துக்கொண்டே கேட்டால் கண் பொய் சொல்லும் என்பார். அப்புறம் மேல்துண்டை மடியில் மடித்துப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பார். "நன்னாத்தான் இருக்கு" என்று ஆரம்பித்தால் வேலை மறுபடி முதலிலிருந்துதான். "நன்னாத்தான் இருக்கு. ஆனா இதுல கொஞ்சம் கோபம் ஜாஸ்தியா இல்லையோ?"

கோபத்துக்கு எந்தக் குமிழைத் திருகுவது? நானும் ஏதேதோ திருகுவேன். ஒருமுறை பெருமாள் பாடல் தொகுப்பு ஒன்றுக்கு வேலை. கோபத்தைக் குறைக்க ஒரு குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி இறக்கிப் போட்டுக் காட்டினேன். "பேஷ், இப்போ சாந்தமா இருக்கு" என்றார். பாட்டு முடிந்து கணினியில் ஃபைலை மூடும்போதுதான் பார்க்கிறேன், நான் திருகிய குமிழ் அந்தப் பாட்டிலேயே இல்லாத வேறொரு டிரம்முடையது. ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். "அப்படியா?" என்றார். "இருக்கட்டும். ஆனா இப்போ சாந்தமாத்தானே இருக்கு?" மறுபடி போட்டுக் கேட்டேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பிள்ளைகளுக்கு நான் இந்த மாதிரி குறிப்புகளை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத மனம் சண்முகம் சார் வீட்டுக்கே போய் நின்றுகொள்கிறது. என் வேலையில் நான் அதிகம் உழைத்தது அவருக்காகத்தான். செய்த வேலை பலித்ததா என்று இன்றைக்கும் தெரியாததும் அது ஒன்றுதான்.

அது நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம். ஷாகிதா என்ற பிசியோதெரபி டாக்டர் கூடத்துக்கு வந்தாள். அவளுடைய கிளினிக்கில் உடற்பயிற்சிக்குப் போடுவதற்காக இதற்கு முன்பும் தாளம் செய்து கொடுத்திருக்கிறேன். இந்த முறை உட்காரக்கூட இல்லை.

"ஆன்ட்டி, ஒரு பேஷன்ட். பார்கின்சன். நடந்துட்டே இருப்பார், திடீர்னு கால் தரையில ஒட்டிக்கும். வாசப்படி வந்தா நிச்சயம் ஒட்டிக்கும். சீரா ஒரு தாளம் கேட்டா சில பேருக்குக் கால் எழும்பும். இவருக்கு போன்ல டிக் டிக்னு வெச்சுப் பார்த்தேன். தலைக்குள்ள பல்லி கத்துற மாதிரி இருக்குன்னு திட்டுறார். நீங்க ஒரு தடவை வந்து பாருங்களேன்."

அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு அடுக்குமாடி வீடு. சண்முகம் சார் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம். வியாதியால் குரல் மட்டும் நூல் மாதிரி இளைத்திருந்தது. அவர் மனைவி தனம் கதவைத் திறந்தார். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. படுக்கையறை வாசலில் கணவர் சாய்ந்தபோது பிடிக்கப் போய், இரண்டு பேருமாக விழுந்திருக்கிறார்கள்.

"பெங்களூர்ல இருக்கிற பையன் பயந்துட்டான்மா" என்றார் தனம். "கோயம்புத்தூர்ல ஒரு முதியோர் இல்லம் பார்த்து வெச்சிருக்கான். பொங்கலுக்கு வர்றான், வந்தா கூட்டிட்டுப் போயிடுவான். நடக்க முடியாதவங்களுக்கு அங்க தனிக் கட்டடமாம். இவரு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்."

"சாயங்காலம் பார்க்க விடுவாங்களாம்" என்றார் சண்முகம் சார் நாற்காலியிலிருந்து. "விசிட்டிங் அவர்ஸ்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தனம் சிரிக்கவில்லை.

அன்று அவர் நடந்து காட்டினார். கூடத்தைக் கடந்து நன்றாகத்தான் போனார். படுக்கையறை வாசல் வந்ததும் இரண்டு பாதமும் அப்படியே நின்றன. உடம்பு மட்டும் முன்னால் போகப் பார்த்தது. ஷாகிதா பின்னாலிருந்து அவர் விழாமலிருக்க இடுப்பில் கட்டியிருந்த பட்டையைப் பிடித்துக்கொண்டாள். "கால் இருக்கு மேடம். சொன்னா கேக்க மாட்டேங்குது" என்று என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

வீட்டுக்கு வந்து வேலையை ஆரம்பித்தேன். அவர் நடையின் வேகத்தை மனதில் வைத்து ஒரு 'டொம்' செய்தேன். 'ட்' உறுத்தாமல், 'ஒ' நெஞ்சில் படுகிற மாதிரி, 'ம்' சீக்கிரம் அடங்குகிற மாதிரி. மடிக்கணினியையும் ஸ்பீக்கரையும் கொண்டுபோய் வைத்துப் போட்டேன். தோள் ஆடியது. தலை ஆடியது. கால் ஆடவில்லை.

"பணிமனைச் சத்தம் போட்டுப் பாருங்களேன்" என்றார் தனம். "அவ்ளோ வருஷம் அந்தச் சம்மட்டிச் சத்தத்துலதான் கிடந்தாரு."

கேட்டவுடன் இதுதான் வழி என்று தோன்றியது. ஒரு வாரம் அதிலேயே கிடந்தேன். இரும்பை இரும்பு அடிக்கும்போது ஒரே சத்தம் வராது, ஒன்றோடு ஒன்று ஒட்டாத பல சுருதிகள் சேர்ந்து வரும். அவற்றைத் தனித்தனியாகச் செய்து அடுக்கி, பெரிய கூரைக்குக் கீழே எதிரொலிக்கிற மாதிரி வைத்தேன். என் வேலையிலேயே மிக நன்றாக வந்த சத்தம் என்று இன்றும் அதைத்தான் சொல்வேன். சண்முகம் சார் கவனமாகக் கேட்டார்.

"அப்படியே இருக்கு மேடம்" என்றார். "ஆனா ரிட்டயர் ஆனதுக்கு அப்புறமும் என்னை ஷிப்டுக்குப் போகச் சொல்றீங்களே, நியாயமா?"

கால் அசையவே இல்லை.

தவில் மாதிரி செய்தேன். அன்றைக்கு வாசலைத் தாண்டிவிட்டார்! தனத்துக்குக் கண் கலங்கிவிட்டது, எல்லோருக்கும் கேசரி கிளறினார். மறுநாள் அதே சத்தம், அதே வேகம், அதே வாசல். நின்றுவிட்டார். ராகவன் சாரிடம் போய்ச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அவர் 'ம்'ல நின்னுடறார்னு தோணறது" என்றார். என்ன அர்த்தமோ, நான் 'ம்'மை நீட்டினேன். சில நாள் நடந்தார். பிறகு அதுவும் நின்றது. ஷாகிதாவைக் கேட்டால், "டாக்டர் மாத்திரை அளவை மாத்திட்டே இருக்கார் ஆன்ட்டி. நடந்தது அதனாலயா, இதனாலயான்னு எனக்கே சொல்லத் தெரியல" என்றாள். அதைக் கேட்டதும் இன்னும் குழம்பிப் போனேன். எந்தக் குமிழைத் திருகுகிறேன் என்றே தெரியாமல் திருகிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் விரலால் தட்டும் பலகையை எடுத்துக்கொண்டு போனேன். சதுரம் சதுரமாக ரப்பர் பதித்த சின்னப் பெட்டி அது. கம்பியால் மடிக்கணினியோடு இணைத்தால், ரப்பரைத் தட்டும்போது கணினி நாம் செய்துவைத்த சத்தத்தை எழுப்பும். கட்டங்களை நிரப்பாமல் கையாலேயே வாசிக்கலாம். அங்கேயே உட்கார்ந்து சத்தத்தை மாற்றிப் பார்க்கலாம் என்றுதான் கொண்டு போனேன். சண்முகம் சார் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார், எனக்குத் திரையைப் பார்க்க நேரமில்லை. அவர் பாதத்தைப் பார்த்துக்கொண்டே தட்டினேன். பாதம் தயங்கினால் என் விரலும் தயங்கியது. தாளம் கோணல்மாணலாகப் போயிற்று. என் கச்சேரி நாட்களில் அப்படி வாசித்திருந்தால் பாடகர் மேடையிலேயே முறைத்திருப்பார்.

அவர் வாசலைத் தாண்டினார். உள்ளே போய்த் திரும்பினார். மறுபடி தாண்டி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் தட்டியதையெல்லாம் மென்பொருள் பதிவு செய்திருந்தது. மறுநாள் அந்தப் பதிவைப் போட்டேன். ஒரு அடிகூட மாறவில்லை, தயக்கம்கூட அதே தயக்கம். சண்முகம் சார் வாசலில் ஒட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன சார் ஆச்சு? நேத்து இதுக்குத்தானே நடந்தீங்க?"

"இது நேத்து நடந்த ஆளுக்கு வாசிச்சதாச்சே மேடம்" என்றார். "அவரு போயிட்டாரு."

தினமும் நான் போய் உட்கார்ந்து தட்ட முடியாது. அதனால் மடிக்கணினியையும் பலகையையும் அங்கேயே விட்டுவைத்து, தனத்துக்குக் கற்றுக்கொடுத்தேன். வலது கையில் கட்டு, இடது கையின் இரண்டு விரலால் தட்டினார். தாளம் என்றால் என்னவென்றே தெரியாத கை. நடுவில் குக்கர் விசில் வந்தால் அதை எண்ணுவார், தாளம் நின்றுவிடும். பிறகு ஞாபகம் வந்து, "அட வாங்க, ஏன் நிக்கிறீங்க?" என்று அதட்டிக்கொண்டே தட்டுவார். அதற்குச் சண்முகம் சார் நடந்தார். எல்லா நாளும் இல்லை. ஆனால் நான் வாசித்த நாட்களைவிட அதிகமாகவே நடந்தார். எனக்கு இதை எப்படி எடுத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சந்தோஷப்பட்டேன், கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

பொங்கலுக்கு முன்பே செந்தில், அவர்கள் மகன், வந்துவிட்டான். நல்ல பிள்ளை. அம்மாவின் கட்டைப் பார்த்ததும் அவன் முகம் மாறியதை நானே பார்த்தேன். இரண்டு பேரையும் பிரிக்க ஆசைப்பட்டு அவன் எதையும் செய்யவில்லை, பயந்து போயிருந்தான். "ஒரே ஒரு தடவை நடந்து காட்டட்டும்" என்று கேட்டுக்கொண்டார் தனம். மத்தியானம் எல்லோரும் கூடினோம். செந்தில் சோபாவில். சண்முகம் சாரின் பட்டையைப் பிடித்தபடி ஷாகிதா. சாப்பாட்டு மேசையில் தட்டுப் பலகையோடு தனம், பக்கத்தில் மடிக்கணினியோடு நான்.

அவர் எழுந்தார், கூடத்தைக் கடந்தார், வாசலில் நின்றார்.

தனம் தட்டினார். டொம். டொம். கால் எழவில்லை. தனத்துக்குப் பதற்றம், தட்டு வேகமானது. அவர் முழங்கால் நடுங்க ஆரம்பித்தது, குதிகால் மட்டும் மேலே எழும்பி எழும்பி இறங்கியது. "போதும் அங்கிள், உட்கார்ந்துக்கலாம்" என்றாள் ஷாகிதா. செந்தில் எழுந்து நின்றுவிட்டான். அந்த அறை முழுக்க நான் செய்த சத்தம் இடித்துக்கொண்டிருந்தது. அதுதான் அவரைப் படுத்துகிறது என்று எனக்குத் தோன்றியது. சட்டென்று மடிக்கணினியை மூடிவிட்டேன்.

சத்தம் நின்றது. மின்விசிறி மட்டும் சுற்றியது.

கொஞ்ச நேரம் கழித்து அவருடைய வலது கால் எழுந்து வாசலுக்கு அந்தப் பக்கம் இறங்கியது. அப்புறம் இடது கால். உள்ளே போனார், கட்டிலைத் தொட்டார், திரும்பினார், வந்தார்.

"அப்போ அந்தச் சத்தம்தான்மா தொந்தரவு" என்றான் செந்தில் மெதுவாக.

ஆமாம் என்றுதான் எனக்கும் பட்டது. இத்தனை நாள் இவருக்கு இடைஞ்சல்தான் செய்திருக்கிறேனா என்று குன்றிப் போய்த் தலையைக் குனிந்தேன். அப்போதுதான் தனத்தின் இடது கை கண்ணில் பட்டது. அந்த இரண்டு விரல்களும் ரப்பர் மேல் இன்னும் தட்டிக்கொண்டிருந்தன. கணினி இல்லாமல் அந்தப் பலகைக்குச் சத்தம் கிடையாது. விரல் படுகிற 'தப்' மட்டும்தான். பக்கத்தில் இருந்த எனக்கே உற்றுக் கேட்டால்தான் கேட்டது.

"தனம்மா, சத்தம் நின்னுடுச்சே" என்றேன்.

"அப்படியா?" என்று நிமிர்ந்தார். "நான் அவரு காலைத்தானே பார்த்துட்டு இருந்தேன்."

சண்முகம் சாரிடம் கேட்டேன், "சார், உங்களுக்கு என்ன கேட்டுச்சு?"

"ஒண்ணும் கேக்கல மேடம். போகணும்னு தோணுச்சு. போனேன்."

செந்தில் என்னைப் பால்கனிக்குக் கூப்பிட்டான். "ஆன்ட்டி, நீங்க இதுல அனுபவம் உள்ளவங்க. உண்மையைச் சொல்லுங்க. இது வேலை செய்யுதா, இல்லையா? இதை நம்பி நான் இவங்கள இங்க விட்டுட்டுப் போகலாமா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் தனம் என்னைக் கட்டிப் பிடித்திருப்பார். அது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. ஆனால் நாளைக்கு அவர் மறுபடி விழுந்தால்?

"தெரியலைப்பா" என்றேன். "நான் செஞ்ச சத்தத்துக்கு நடந்தார், நின்னார். சத்தமே இல்லாதப்பவும் நடந்தார். மாத்திரையும் மாறிட்டு இருக்கு. எதுன்னு என்னால சொல்ல முடியல. ஆனா உங்கம்மா பக்கத்துல இருந்தாங்க. அது ஒண்ணுதான் மாறவே இல்ல."

அடுத்த நாள் செந்தில் ஆளை வரவழைத்து எல்லா வாசலின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்தான். காலையில் வந்து உதவ ஒரு ஆண் நர்ஸை ஏற்பாடு செய்தான். கோயம்புத்தூர் இல்லத்துக்கு போன் செய்து, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாக பெங்களூருக்கு பஸ் ஏறினான்.

ராகவன் சாரிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். மேல்துண்டை மடித்தபடி கேட்டார். "அந்த 'தப்'பை ரெக்கார்டு பண்ணினேளோ?" என்றார். இல்லை சார் என்றேன். "போறது, விடுங்கோ" என்றார். வருத்தத்தோடு சொன்னாரா, நிம்மதியோடு சொன்னாரா, தெரியவில்லை.

அதற்கடுத்த வருடம் என் காது மந்தமானது. மேல் சுருதிகள் கேட்காமல் போக, நான் செய்கிற ஜால்ரா சத்தமெல்லாம் மற்றவர்கள் காதைக் கிழித்தது. ராகவன் சார் ரொம்பத் தயங்கித் தயங்கிச் சொன்னார். எனக்குக் கேட்பது சரியா, அவர்களுக்குக் கேட்பது சரியா என்று கொஞ்ச நாள் குழம்பினேன். பிறகு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

போன வாரம் சண்முகம் சார் வீட்டுக்குப் போனேன். நடுவில் ஒருமுறை விழுந்திருக்கிறார், அடி பெரிதாக இல்லை. நான் விட்டுவந்த தட்டுப் பலகை, கம்பி சுற்றியபடி பிரிட்ஜ் மேல் இருந்தது. "எடுத்துட்டுப் போங்கம்மா, இதை எங்க வெச்சோம்னே மறந்துடுறோம்" என்றார் தனம். அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தார். உள்ளேயிருந்து, "தனம்" என்று நூல் குரல் கேட்டது. தனம் ஈரக் கையோடு அரிசிப் பாத்திரத்தின் விளிம்பை விரலால் தட்டினார். தட்டிக்கொண்டே என்னிடம் பேசினார், பேசிக்கொண்டே தண்ணீரை வடித்தார், மறுபடி தட்டினார். வழக்கம் விடாமல் நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். எந்தக் கட்டத்திலும் உட்காராத தட்டு.

சண்முகம் சார் வாசலில் ஒரு கணம் நின்றார். பிறகு வந்து, எனக்கு எதிர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"எப்ப வந்தீங்க மேடம்? காபி குடிச்சீங்களா?" என்றார்.